இட்லிப்பூவா, பழத்தட்டா, கறிவேப்பிலையா? வண்ணத்துப்பூச்சிக்கு எதை வைக்கலாம்

காரைக்குடிப் பக்கம், பின்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் செம்மண் தரை மிச்சமிருக்கும் வீடுகளில் தோட்டம் போட ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது இட்லிப்பூச் செடி. வண்ணத்துப்பூச்சி வரும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். வரும், பொய்யில்லை. எது வரும் என்பதுதான் கேள்வி.

வண்ணத்துப்பூச்சிக்குக் கடித்து மெல்ல வாய் கிடையாது. சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல்தான். இட்லிப்பூவோ ஊசி போல ஒல்லியான நீளக் குழாய், தேன் அதன் அடியில் கிடக்கிறது. காலை வெயிலில் செடி பக்கம் அசையாமல் நின்று பாருங்கள். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி பூங்கொத்தில் கால் வைக்கும். ஆனாலும் சிறகடிப்பதை நிறுத்தாது. தலைக்குக் கீழே சுருண்டிருக்கும் கறுப்பு இழை அவிழ்ந்து ஒரு பூவுக்குள் நேராக இறங்கும். இரண்டு நொடிதான், அப்புறம் பக்கத்துப் பூ. குழல் நீளமான இந்த அழகி வகைகளுக்கு இட்லிப்பூ விருந்து. விரல்நகம் அளவே உள்ள நீலப் பூச்சிகளுக்குத் தேன் எட்டவே எட்டாது. அவை போவது தரையோடு படரும் வெட்டுக்காயப் பூண்டுக்கு. களை என்று நாம் செதுக்கி எறிவது அதைத்தான்! செடிக்குக் காசு கொடுப்பவர்கள் இந்தப் பூண்டை ஒரு முழமாவது விட்டுவைத்தால் நல்லது.

உண்ணிச்செடியிலும் தேன் உண்டு, கூட்டமும் கூடும். ஆனால் குருவிகள் பழத்தைத் தின்று விதையை ஊரெல்லாம் போட்டுவிடும். நான் வைக்க மாட்டேன்.

பழத்தட்டு வேறு கூட்டத்துக்கு. பூவைச் சட்டை செய்யாத பூச்சிகள் பல உண்டு. மாவிலையில் வளரும் பழுப்புப் பச்சைப் பூச்சியும், அந்தி மங்கும்போது தாழப் பறக்கும் பழுப்பு நிறத்ததும் அழுகிய பழச்சாறு தேடுபவை. கறுத்துப்போன வாழைப்பழத்தைப் பிதுக்கித் தட்டில் வைத்தால் போதும். எறும்பு ஏறாமலிருக்கத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே தூக்கி வையுங்கள்.

மழை ஓய்ந்த பின் ஊருணிக் கரைச் சேற்றில் கும்பலாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். தேனில் உப்புச்சத்து குறைவு, அதனால் ஈர மண்ணிலிருந்து உறிஞ்சுகின்றன. அதில் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்குப் போகிறது. வீட்டில் ஒரு மூலை மண்ணை ஈரமாக வைத்திருந்தாலே நடக்கும்.

சரி, ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால்? தயங்காமல் கறிவேப்பிலை. பூவுக்கு வரும் பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். கறிவேப்பிலைக்கு வருவது முட்டையிட. தாய்ப்பூச்சி இலையைக் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குச் சுவை காலில் தெரியும். சரியான இலைதான் என்று உறுதியானதும் கடுகைவிடச் சிறிய முட்டையை ஒன்று ஒட்டிவிட்டுப் பறக்கும். வெளிவரும் புழு, குருவி எச்சம் மாதிரியே கறுப்பு வெள்ளையாக இருக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நெடி அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. எலுமிச்சை அழகியும் எலுமிச்சை, நார்த்தை இலைகளில் இப்படித்தான் வளர்கிறது.

அடுத்த வீட்டு ஆச்சி என் செடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏன் தம்பி, இலையைப் பூராவும் புழுவுக்குக் கொடுத்துட்டுத் தாளிக்க என்ன செய்வீங்க? வேப்பெண்ணெயைக் கரைச்சுத் தெளிக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. நான் இரண்டாவதாக ஒரு கன்று வைத்தேன். சமையல் செடியில் கண்ட புழுவை இலையோடு கிள்ளி அதில் விடுகிறேன். மருந்து எதிலும் தெளிப்பதில்லை.

கறிவேப்பிலைக்கும் இடமில்லாதவர்கள் வேலியோரத்தைக் கவனித்தால் போதும். எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வளர்கிறது. காய்ந்த நிலத்தில் படரும் ஆடுதீண்டாப்பாளையில்தான் சிவப்பு உடல் அழகி முட்டையிடும். மனை சுத்தம் செய்ய ஜேசிபி வருகிற அன்று, முதலில் போவது இந்தக் கொடிதான். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி அந்த ஓரத்தை மட்டும் விடச் சொல்லுங்கள்.