டிசம்பர் கரையில் ஸ்ட்ரைப்பர்: மட்டி இரையா, உலோக லூரா?

நியூ ஜெர்சி கடற்கரையில் டிசம்பர் நடுவில் ஸ்ட்ரைப்பர் எனப்படும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனைப் பிடிக்கக் கிளம்புகிறவருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. மட்டிச் சதையை முள்ளில் கட்டி, ஈயத்தோடு அடியில் போட்டுக் காத்திருப்பது ஒன்று. உலோக லூரை, அதாவது மீன் போலத் தோன்றும் செயற்கை இரையை, வீசிச் சுருட்டியபடி கரையோரமாக நடப்பது மற்றது. அக்டோபரில் எதை எடுத்துப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் கதை மாறும். குளிர்ந்த நீரில் மீனின் உடல் மந்தமாகிவிடும், இரையைத் துரத்தி ஓடாது. இரண்டில் எது அதன் வாய்க்கு எதிரே போய் நிற்கிறது என்பதை அன்றைய கடல்தான் தீர்மானிக்கும்.

கடலைப் பார்த்து முடிவெடுங்கள்

வடமேற்குக் காற்று அந்தக் கரையில் முதுகுப்பக்கமிருந்து வரும். அலையைத் தட்டையாக்கும், தண்ணீரைத் தெளியவைக்கும், வீச்சுக்கும் கைகொடுக்கும். பருவக் கடைசியில் அங்கே முக்கியத் தீனி சாண்ட் ஈல், அதாவது விரல் நீளத்தில் மெலிந்து, மணலுக்குள் புதைந்துகொள்ளும் சிறு மீன். தெளிந்த நீரும் சாண்ட் ஈலும் சேர்ந்திருந்தால் மட்டியைக் கையால் தொடவே வேண்டாம், லூர்தான்.

கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் நேர் எதிர். பெரிய அலை அடியைக் கிளறி மட்டிகளை உடைத்து ஒதுக்கியிருக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். ஸ்ட்ரைப்பர் வாசனையைப் பிடித்துக்கொண்டு அலை உடையும் இடத்துக்கே வந்து மேயும். அந்தக் கலங்கலில் லூர் கண்ணில் படாது. கரையில் உடைந்த மட்டி ஓடுகள் புதிதாகக் கிடந்தால் அதைவிட நல்ல துப்பு வேறில்லை.

நீர் 6 டிகிரியை நெருங்கினால் இரண்டுமே சுமார்தான். பெரும்பகுதி மீன் தெற்கே வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் போயிருக்கும்.

மட்டி: கட்டுவதில்தான் எல்லாம்

10 முதல் 11 அடித் தூண்டில் தடி, 3 முதல் 6 அவுன்ஸ் பிரமிடு வடிவ ஈயம். ஈயம் கோர்த்த குழாய் பிரதான தூண்டில் நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். அதன் கீழே ஒரு பாசிமணி, ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு, பிறகு 40 அல்லது 50 பவுண்ட் தாங்கும் மோனோவில் (ஒற்றை இழை நரம்பில்) ஒரு முழத்துக்கும் குறைவான லீடர், அதாவது முள்ளைக் கட்டும் முன்துண்டு, கடைசியில் 6/0 முதல் 8/0 அளவில் சர்க்கிள் முள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த முள். லீடரை நீளமாக விட்டால் வீசும்போது சுற்றிச் சிக்கிக்கொள்ளும். மீன் முள்ளை ஆழமாக விழுங்கவும் அது இடம் கொடுக்கும்.

மட்டியின் கடினமான பாதப் பகுதியில் முள்ளை இரண்டு முறை ஏற்றி, வழவழப்பான வயிற்றுப் பகுதியை அதன்மேல் வைத்து, மெல்லிய ரப்பர் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முள்ளின் நுனியும், நுனிக்கும் தண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியும் திறந்திருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இடைவெளி சதையால் அடைபட்டால் சர்க்கிள் முள் திரும்பி வாயோரத்தில் மாட்டாது, மீன் மென்றுவிட்டுத் துப்பிவிடும்.

குளிர்காலக் கொத்து தடியை வளைத்துக்கொண்டு போகாது. நுனி இரண்டு முறை தலையாட்டும். அல்லது மீன் ஈயத்தைத் தூக்கிக்கொண்டு கரைப் பக்கம் வருவதால் நரம்பு திடீரெனத் தொய்யும். தொய்வு கண்டால் நிதானமாகச் சுருட்டுங்கள், கனம் தெரியும்வரை தடியை வெட்டி இழுக்காதீர்கள். இரையோடு ஸ்ட்ரைப்பர் பிடிக்க 2021 முதல் சர்க்கிள் முள் கட்டாயம். வெட்டி இழுத்தால் அது வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும்.

மட்டியின் பெரிய குறை திருடர்கள். நாய்ச்சுறாவும் திருக்கையும் வந்துவிட்டால் கால் மணிக்கொரு முறை இரை காலி, விறைத்த விரலால் மறுபடியும் நூல் சுற்ற வேண்டும். வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு இரையைச் சுற்றி உப்பில் போட்டு எடுத்துப் போனால் பாதித் தொல்லை ஒழியும்.

லூர்: மெதுவாக, அதைவிட மெதுவாக

9 முதல் 10 அடித் தடி, 20 அல்லது 30 பவுண்ட் பிரெய்டு (பின்னல் நரம்பு), 30 பவுண்ட் லீடர், குழாய் வால் வைத்த ஏவா வகை மெலிந்த உலோக லூர். மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போட்டுவிடுங்கள். உறைந்த கையால் கழற்றுவது எளிது, மீனுக்கும் காயம் குறைவு. லூருக்கு இரண்டடி மேலே ஒரு கிளை நரம்பில் 3 அங்குல மெல்லிய முடி லூர் ஒன்றைத் தொங்கவிட்டால், பல நாள் மீன் உலோகத்தை விட்டு அதைத்தான் எடுக்கும்.

வீசியதும் அடியைத் தொடவிட்டு, மணலை அவ்வப்போது உரசும் அளவுக்கு மெதுவாகச் சுருட்ட வேண்டும். மேலே மினுமினுத்துக்கொண்டு ஓடிவரும் லூரை டிசம்பர் மீன் திரும்பிப் பார்க்காது. இன்னொரு தவறு, கண்ணுக்கு எட்டாத தூரம் வீசுவது. வெளி மணல்திட்டில் உடைந்த அலை, கரையில் மறுபடி உடையும் முன் சற்று அடங்கும் பள்ளம் ஒன்று இருக்கும். வெளிச்சம் வரும் நேரத்தில் மீன் அங்கேதான் நிற்கும், சில சமயம் உங்கள் காலிலிருந்து இருபது மீட்டரில்.

1982-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஆல் மெக்ரேனல்ட்ஸ் பிடித்த 78 பவுண்ட் 8 அவுன்ஸ் மீனை லூர்க்காரர்கள் விடாமல் எடுத்துப் பேசுவார்கள். அது செப்டம்பர் மீன் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்!

பனி யாரை அதிகம் பிடிக்கும்

காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனால் லூர்க்காரருக்குத்தான் சோதனை. பிரெய்டு தண்ணீரைச் சுமந்து வந்து தடி வளையங்களில் உறையும். அது தெரியாமல் பலமாக வீசினால் நரம்பு பட்டென்று அறுந்து லூர் மட்டும் கடலுக்குப் போகும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தடி நுனியைக் கடல் நீரில் முக்குங்கள், பனி கரைந்துவிடும். தட்டி உடைத்தால் வளையத்தின் பீங்கான் விரியும். இரைக்காரர் அரிதாகத்தான் வீசுகிறார் என்பதால் வளையம் அவ்வளவாக அடைபடாது. ஆனால் நின்றபடியே உடம்பு உறைவது அவர்தான். அவருக்கு பூட்ஸ் ஒட்டிய 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (நுரை ரப்பர்) வேடர்ஸ், அதாவது நீர் புகாத மார்பு உயரக் கால்சட்டை, நடக்கிறவருக்கு உள்ளே கம்பளி அடுக்கிய மெல்லிய வேடர்ஸ். இடுப்பு பெல்ட் இருவருக்கும் கட்டாயம்.

மட்டித் தடியை மணலில் நட்டுவிட்டுப் பக்கத்திலேயே லூர் வீசலாமே என்று தோன்றும். பக்கவாட்டு நீரோட்டம் இரண்டு நரம்பையும் பின்னிவிடும், பள்ளத்தைத் தேடி நடக்கவும் முடியாது, கவனிக்காத தடியில் மீன் முள்ளை விழுங்கியிருக்கும். வைத்துக்கொள்ள 28 முதல் 31 அங்குலத்துக்குள் ஒரே மீன் என்பதுதான் 2023-ல் வந்த விதி, ஆகவே பிடிப்பதில் பெரும்பாலானவை திரும்பக் கடலுக்கே போக வேண்டியவை. அவற்றை உறைந்த மணலில் கிடத்தாமல் அலை வந்து போகும் ஈரத்திலேயே முள்ளைக் கழற்றுங்கள். அந்தக் குளிர்காற்றில் செவுள் சீக்கிரம் உறைந்து சேதமாகும்.