1982 ஸ்னேக் ஐஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் கையைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள்

ஜீ.ஐ. ஜோ என்ற பழைய அமெரிக்கச் சிப்பாய்ப் பொம்மைகளைத் தேடிக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு போலிப் பொம்மைக்கு 38,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளில் திருகோணமலையில் என்னிடம் அப்படி மூன்று பொம்மைகள் இருந்தன. கப்பலில் வேலை செய்த சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. மூன்றே முக்கால் அங்குல உயரம், உள்ளங்கையில் அடங்கும். அவற்றில் ஒருவன்தான் ஸ்னேக் ஐஸ். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு, முகமே தெரியாது. அம்மம்மாவுக்கு அவற்றைக் கண்ணில் காட்டக்கூடாது. “வீதியில் நிற்கிற ஆமிக்காரர் போதாதென்று வீட்டுக்குள்ளும் வேண்டுமா?” என்பார். அதனால் டச்பே கடற்கரை மணலில்தான் விளையாட்டு.

இடுப்புக்குள் சின்னதாக ஓர் இறப்பர் வளையம் இருக்கும். உடம்பையும் கால்களையும் இழுத்துப் பிடிப்பது அதுதான். ஒருநாள் அது அறுந்து ஸ்னேக் ஐஸ் இரண்டு துண்டாகிவிட்டான். நான் அழுத அழுகையில், அப்பா முதுகுத் திருகாணியைக் கழற்றி, சைக்கிள் டியூபில் மெல்லிய வளையம் வெட்டி மாட்டித் தந்தார். கால்கள் கொஞ்சம் தளர்ந்துதான் நின்றன. எனக்கு அதுவே போதும். 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடியபோது மூன்றும் பிஸ்கட் டின்னோடு வீட்டில் தங்கிவிட்டன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

இந்தக் கதையை, போன மாதம் எனக்குப் பொம்மை விற்றவனிடம் நானே சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. “உங்களுக்கென்றே வைத்திருக்கிறேன் அண்ணா, ஆனால் இன்னொருவரும் கேட்கிறார், இன்றே வங்கியில் போட்டுவிடுங்கள்” என்றான். 1982 முதல் வெளியீடு என்று அடித்துச் சொன்னான். படத்தில் வலது கட்டைவிரல் உடைந்திருந்தது. துப்பாக்கியைத் திணித்துத் திணித்து இந்தப் பொம்மைகளில் முதலில் உடைவது அதுதான். அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

கூரியரில் வந்த பொதியைப் பிரித்தபோதே வர்ண வாடை அடித்தது. கட்டைவிரல் முழுதாக இருந்தது. அப்படியானால் எனக்குக் காட்டிய படம் வேறு யாருடைய பொம்மையோ. முழங்கைக்கு மேலே பிடித்துத் திருகினேன், கை சுழன்றது. 1982இல் இவற்றைத் தயாரித்த ஹஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்டவற்றில் கை தோளில் சுற்றும், முழங்கையில் மடங்கும், அவ்வளவுதான். மேற்கை சுழலும் அமைப்பு 1983இல்தான் வந்தது. கடைசியாக நகத்தால் முழங்காலைச் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் பச்சை. அசல் ஸ்னேக் ஐஸுக்கு வர்ணம் பூசவே இல்லை. செலவை மிச்சம்பிடிக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிட்டார்கள். எவனோ வேறொரு பச்சைச் சிப்பாயை எடுத்து, பின்பக்கத்து ஆண்டு முத்திரையை அரத்தால் ராவி, கறுப்படித்து அனுப்பியிருக்கிறான்.

அழைத்துக் கேட்டேன். “கூரியரில் மாறியிருக்கும் அண்ணா” என்றான். அதன் பிறகு அந்த எண் எனக்கு வேலை செய்யவில்லை. வங்கிச் சிட்டையோடு பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

படத்தை மட்டும் பார்த்துப் பணம் போடாதீர்கள். உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, மேற்கையைத் திருகிக் காட்டி, பின்பக்க முத்திரையையும் காட்டும் வீடியோ ஒன்று கேளுங்கள். உண்மையான பொருளை வைத்திருப்பவருக்கு இரண்டு நிமிட வேலை. சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். முத்திரையில் 1982 என்று இருந்தாலும் கையைத் திருகிப் பார்க்காமல் விடாதீர்கள். அதே பொம்மையை 1983இல் சுழலும் கையோடு மறுபடி விற்றார்கள்.

யாரிடமாவது கை சுழலாத ஸ்னேக் ஐஸ் இருந்தால் சொல்லுங்கள். விரல் உடைந்திருந்தாலும், வளையம் அறுந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊரானாலும் நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன். வளையம் வெட்ட டியூப் என்னிடம் இருக்கிறது.