பைக் இன்ஜின் போட்ட கிட் காருக்கு எமிஷன் ட்யூனிங்: 5க்கு 4 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், கராஜ் பேரை இங்க போடல. ஓனர் ஒத்தை ஆளு, வயசான வெள்ளைக்காரர், "ஏற்கனவே அஞ்சு வாரம் க்யூ இருக்கு, தயவு செஞ்சு பேரை எங்கயும் எழுதிடாதே"ன்னு கையெடுத்து கும்பிடாத குறையா கேட்டுக்கிட்டார். இங்கிலாந்துல தென்கிழக்கு பக்கம் இருக்கறவங்க தனியா கேளுங்க, சொல்றேன்.

என் வண்டி லோட்டஸ் செவன்ங்கற பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கிட் கார் (பாகம் பாகமா வாங்கி நாமளே கட்டுறது), நானே மூணு வருஷமா வீட்டு கராஜ்ல கட்டினது, உள்ள இருக்கறது 2001 யமஹா ஆர்1 இன்ஜின், கார்புரேட்டர் மாடல் (2002ல இருந்துதான் ஆர்1க்கு இன்ஜெக்‌ஷன் வந்துச்சு). 998 சிசி, 150 குதிரை, வண்டி எடை 440 கிலோ சுமார், அதனால ஓட்டுறப்போ எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா ரோட்டுக்கு கொண்டு போகணும்னா ஐவிஏ டெஸ்ட் பாஸ் ஆகணும், இந்த மாதிரி ஒத்தை வண்டியை ரோட்டுக்கு விடலாமான்னு பாக்கற டெஸ்ட், 2009ல பழைய எஸ்விஏ டெஸ்ட்டுக்கு பதிலா வந்தது அது, டிவிஎஸ்ஏங்கற அரசு அமைப்பு நடத்துறது. அதுல நான் விழுந்தது எமிஷன்ல, அதாவது புகை அளவுல.

விழுந்ததுக்கு பாதி காரணம் என் சோம்பேறித்தனம், மீதி பாதி வீட்டு பக்கத்துல இருக்கற ஒரு பெரிய எம்ஓடி (ரோட்ல ஓடற வண்டிக்கு வருஷா வருஷம் நடக்கற டெஸ்ட்) கராஜ். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை புகை செக் பண்ணிக்கலாம்னு அங்க போனா, கவுன்டர்ல இருந்த பையன் பானட்டை தூக்கி பாத்துட்டு "அட இது பைக் இன்ஜின், பைக்குக்கு எமிஷன் டெஸ்ட்டே கிடையாதே, கவலைப்படாம போங்க"ன்னு சொல்லி அதுக்கும் ஒரு பில் போட்டான். அவன் சொன்னதுல பாதி நிஜம்தான். இந்த நாட்டுல பைக் எம்ஓடில புகையை குழாய் விட்டு அளக்கறதே இல்ல. அதே இன்ஜின் பைக்ல இருந்திருந்தா ஆயுசுக்கும் யாரும் மோந்து பாத்திருக்க மாட்டாங்க. நாலு சக்கரம் வந்துட்டா கார், அப்போ காருக்கான அளவு. நான் இதை படிச்சிருந்தும் அவன் சொன்னதை நம்பினேன் பாருங்க, நமக்கு பிடிச்ச பதில் கிடைச்சா காது நல்லாவே கேக்கும்.

காருக்கான அளவுன்னா எது? இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. நீங்க வண்டியை எந்த வருஷம் கட்டினீங்கங்கறது இல்ல, ஐவிஏல இன்ஜின் எந்த வருஷம் செஞ்சதுங்கறதுதான் கணக்கு, அதையும் நீங்கதான் பேப்பர் வெச்சு நிரூபிக்கணும். இன்ஜின் எடுத்த பைக்கோட வி5சி (நம்ம ஊரு ஆர்சி புக் மாதிரி) இல்லேன்னா இன்ஜின் நம்பரை வெச்சு கம்பெனிகிட்ட இருந்து லெட்டர், ஏதாவது ஒண்ணு. 1980கள் கடைசில வந்த இன்ஜின்னா சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3.5%, ஹெச்சி (எரியாத பெட்ரோல்) 1200 பிபிஎம், சும்மா ஊதினாலே பாஸ். தொண்ணூறுகள் நடுவுக்கு அப்புறம் வந்ததுன்னா கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சுருக்கமா கேட், புகையை சுத்தம் பண்ற டப்பா) இல்லாம நடக்காது. எனக்கு வந்த அளவு: ஐட்லிங்ல சிஓ 0.5%, 2500ல இருந்து 3000 ரெவ்ல வெச்சா சிஓ 0.3%, ஹெச்சி 200 பிபிஎம், லாம்டா 0.97ல இருந்து 1.03க்குள்ள (லாம்டான்னா காத்து-பெட்ரோல் கலவை அளவு, 1னா சரி, அதுக்கு மேல போனா காத்து அதிகம், அதைத்தான் லீன்னு சொல்வாங்க). என் ரிப்போர்ட்ல லாம்டா 1.09, ஹெச்சி 480. சிஓ மட்டும் அழகா வந்திருந்துச்சு, அதை பாத்து சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல.

ஐவிஏ இன்ஸ்பெக்டர் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பொறுமையா ஒவ்வொண்ணும் காட்டினார். சத்தம் பாஸ், 99 டெசிபெல் லிமிட்டுக்கு கொஞ்சம் கீழ. அதிகபட்ச பவர் வர்ற ரெவ்வுல முக்கால் பங்குல வெச்சு அளக்கறாங்க, ஆர்1க்கு அது 7500, பக்கத்துல நின்னா காது கிழியும். ரிவர்ஸும் பாஸ். பைக் கியர்பாக்ஸ்ல ரிவர்ஸ் கிடையாது, ஆனா 410 கிலோவுக்கு மேல இருக்கற வண்டி பின்னாடி போயே ஆகணும்னு சட்டம், அதுக்காக ஒரு எலக்ட்ரிக் மோட்டார் மாட்டி வெச்சிருக்கேன், அது கத்துற கத்துல தெருவே திரும்பி பாக்கும்.

அப்புறம் தான் நண்பன் ஒருத்தன் சொல்லி இந்த பெரியவர்கிட்ட போனேன். போன உடனே அவர் புகை அளக்கற மிஷினை தொடவே இல்ல. ரிப்போர்ட்டை வாங்கி படிச்சார், "லாம்டா 1.09, ஆனா ப்ளக் கருப்பா இருக்கு, இன்ஜின் லீனா ஓடல, வெளிக்காத்து எங்கயோ எக்ஸாஸ்ட்டுக்குள்ள வருது"ன்னு சொல்லிட்டு வாக்குவம் க்ளீனரை தலைகீழா மாத்தி சைலன்சர் வாய்ல காத்து ஊத வெச்சு, ஜாயின்ட் ஜாயின்ட்டா சோப்பு தண்ணி தெளிச்சார். நாலு பைப்பும் ஒண்ணா சேர்ற இடத்துல ஸ்ப்ரிங் போட்டு இழுத்து பிடிச்சிருக்கும் இல்ல, அங்க குமிழி குமிழியா வந்துச்சு. பைக்ல அது ஒரு பிரச்சினையே இல்ல, யாரும் அளக்கறதில்லையே. இங்க அந்த ஓட்டை வழியா உள்ள வர்ற ஆக்சிஜன் மிஷினை ஏமாத்தி லீன்னு காட்டும்.

இன்னொண்ணு நான் கனவுலயும் நினைக்காதது. அந்த காலத்து பைக்குங்கள்ல நிறைய, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள கொஞ்சம் சுத்தமான காத்தை தானே இழுத்து விடுற ஒரு சிஸ்டம் இருக்கும், எரியாத பெட்ரோல் வெளிய போறப்போ எரியட்டும்னு. என் இன்ஜின்லயும் அது அப்படியே இருந்துச்சு. கம்பெனி நல்லதுக்கு வெச்சது, ஆனா லாம்டா அளக்கற டெஸ்ட்டுக்கு அதுவே எதிரி. அதை ஒரு தகடு போட்டு மூடினார், தகடை வெட்டி ரெண்டு ஓட்டை போட்டு மாட்ட இருபது நிமிஷம்.

மூணாவது கேட். நான் அழகா இருக்கணும்னு சைட்ல சைலன்சருக்கு கிட்ட வெச்சிருந்தேன். கேட் முன்னூறு டிகிரி மாதிரி சூடு ஏறினாதான் வேலை செய்யும், ஐட்லிங்ல நிக்கற பைக் இன்ஜின்ல இருந்து அவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள புகை ஆறிப்போயிடும். அதுவும் இந்த இன்ஜினோட கேம் (வால்வை திறக்கற தண்டு) பதினோராயிரம் ரெவ்வுக்கு வெட்டினது, மெதுவா ஓடறப்போ கலவை உள்ள வர்ற வால்வும் புகை வெளிய போற வால்வும் சேர்ந்து திறந்திருக்கற நேரத்துல எரியாத கலவை நேரா வெளிய ஓடுது, ஹெச்சி ஏறாம என்ன செய்யும். கேட்டை மேனிஃபோல்டு பக்கம் நகர்த்தி வெல்ட் பண்ணி ஹீட் ரேப் சுத்தினார்.

கடைசில கார்ப். நான் பெட்ரோல் அளவை சரி பண்ண மெயின் ஜெட் மாத்தணும், நீடில் மாத்தணும்னு ஒரு லிஸ்ட்டே வெச்சிருந்தேன். அவர் சிரிச்சுட்டு, டெஸ்ட்ல கேக்கறது ரெண்டே கேள்வி, ஐட்லிங் ஒண்ணு, மூவாயிரத்துக்குள்ள ஒண்ணு, இந்த இன்ஜினுக்கு ரெண்டுமே பைலட் ஸ்க்ரூ (குறைஞ்ச ரெவ்ல கலவையை சரி பண்ற ஸ்க்ரூ) ஏரியாதான், மத்த பாடத்தை எதுக்கு படிக்கறேன்னார். நாலு கார்பையும் வாக்குவம் கேஜ் வெச்சு பேலன்ஸ் பண்ணி, பைலட் ஸ்க்ரூவை கால் சுத்து கால் சுத்தா திருப்பி, ஆயில் 80 டிகிரி வந்தப்புறம் தான் ப்ரோப், அதாவது புகை அளக்கற குழாய், உள்ள விட்டார். லாம்டா 1.01, ஹெச்சி 130. ப்ரின்ட் எடுத்து கைல கொடுத்தார். பாதி நாள் வேலை, 180 பவுண்டு, வெல்டிங் உட்பட. நான் எதிர்பாத்ததுல பாதி.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, போனை எடுக்கவே மாட்டார், மெசேஜுக்கு பதில் வராது, நேர்ல போய் நின்னாதான் தேதி. சொன்ன தேதியையும் ஒரு தடவை மாத்தினார், நான் அதுக்குள்ள ட்ரெய்லர் வாடகை கட்டிட்டேன். உக்கார ஒரு ஸ்டூல் கூட கிடையாது, டயர் மேல உக்காந்தேன், பேண்ட் போச்சு.

உங்க வண்டிக்கு க்யூ ப்ளேட்டா (வயசு நிரூபிக்க முடியாத வண்டிக்கு கொடுக்கற Qல ஆரம்பிக்கற நம்பர்) இருந்தா இவ்ளோ தொல்லை எம்ஓடில வராது, அதை 1971 வண்டி மாதிரி பாத்து கண்ணால புகை வருதான்னு மட்டும் பாப்பாங்க. நண்பனோடது அப்படித்தான், அதை சொல்லி சொல்லியே என்னை வெறுப்பேத்துவான்.

மறு டெஸ்ட்டுக்கு போறப்போ பெரியவர் ஒண்ணு சொன்னார், ட்ரெய்லர்ல இருந்து இறக்கினதும் இன்ஜினை அணைக்காதே, வரிசைல நிக்கறப்போவும் ரெண்டாயிரத்துல வெச்சுக்கோ, கேட் ஆறக்கூடாதுன்னு. வெச்சுக்கிட்டே நின்னேன், பின்னாடி வேன்ல இருந்தவர் முறைச்சுக்கிட்டே இருந்தார். ப்ரோப் விட்டு நாலு நிமிஷத்துல பாஸ், லாம்டா அதே 1.01.