ஆறு எச்சரிக்கை விளக்கு, ஒரே ஒரு பேட்டரி

எஸ்யூவி வாங்கி மூன்று நான்கு வருடம் ஆனவர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் திரை முழுக்க மஞ்சள் விளக்கு: ஏபிஎஸ், ஸ்டியரிங், ஹில் ஹோல்டு, பார்க்கிங் பிரேக், லேன் கேமரா, ஆட்டோ ஹோல்டு. எல்லாமே போய்விட்டதா, வண்டியைத் தள்ளிவிடும் நேரம் வந்துவிட்டதா?

போகவில்லை. ஆறு பாகங்கள் ஒரே ராத்திரியில் கூடிப் பேசிக் கெட்டுப்போகாது. அந்த ஆறுக்கும் சோறு போடுவது ஒரே 12 வோல்ட் பேட்டரி. முதலில் அதைப் பாருங்கள், பிறகு மற்றதைத் தொடலாம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்த ஒரு நொடியில் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் உருவப்படுகிறது. நல்ல பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கி உடனே ஏறிவிடும். தளர்ந்த பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். இன்ஜின் என்னவோ ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, அதனால் பேட்டரி மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் ஏதாவது ஒரு கன்ட்ரோல் யூனிட், அதாவது ஒரு பாகத்தைக் கவனித்துக்கொள்ளும் குட்டிக் கம்ப்யூட்டர், மயங்கி எழுந்திருக்கும். இந்த யூனிட்டுகள் எல்லாம் கேன் (CAN) என்ற பொதுத் தகவல் கம்பியில் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பவை. ஒன்று பதில் சொல்லவில்லை என்றால் மற்றவை 'ஆளைக் காணோம்' என்று ஆளுக்கொரு புகார் எழுதி வைக்கும். மெக்கானிக் வண்டியில் செருகிப் படிக்கும் ஸ்கேனரில் 'யூ' (U) என்று தொடங்கும் கோளாறுக் குறியீடுகள் இந்தப் புகார்கள்தான். யூ0100 வந்தால் இன்ஜின் கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுந்தது என்று பொருள், யூ0121 வந்தால் ஏபிஎஸ்ஸுடன். இந்தக் கும்பலோடு பி0562-ம் சேர்ந்து வந்திருந்தால் மின்னழுத்தம் குறைந்தது என்று வண்டியே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த நிலையில் ஏபிஎஸ் மாட்யூலை மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் பேட்டரி டெஸ்ட் பிரிண்ட் அவுட் கேளுங்கள்.

இந்த வண்டிகள் மேல் எனக்கு இருக்கும் தீராத கடுப்பு இங்கேதான். முன்னால் தாம்பாளம் மாதிரி ஒரு திரை. நாலு டயரின் காற்றையும் தனித்தனியாகக் காட்டும், கதவோர விளக்குக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்கும், பாட்டுக்கு ஈக்வலைசர் போடும். பேட்டரி எத்தனை வோல்ட் என்று மட்டும் பெரும்பாலான மாடல்களில் சொல்லாது. தெரியாமல் இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறதே, அது மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை மூன்றையும் விடாமல் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனிடம் சொல்வதற்குத்தான் மனசு வரவில்லை.

அந்தத் தகவல் கசிந்து வெளியே வரும் ஒரே ஓட்டை, எல்லோரும் திட்டித் தீர்க்கும் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப், அதாவது சிக்னலில் இன்ஜினைத் தானே அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும் வசதி. சார்ஜ் போதவில்லை என்று சென்சார் நினைத்தால், திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கம்ப்யூட்டர் முதலில் நிறுத்தி வைப்பது இதைத்தான். மஞ்சள் விளக்குத் திருவிழாவுக்குப் பல வாரம் முன்பே சிக்னலில் இன்ஜின் நிற்பது குறைந்திருக்கும். நல்லவேளை தொல்லை விட்டது என்று நாம் சந்தோஷப்பட்டிருப்போம்.

சிக்னலில் இன்ஜின் நிற்காததற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பேட்டரிக்கு வரவேண்டும். இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், டிரைவர் கதவு மூடியிருக்க வேண்டும். ஏசி முழு வேகத்தில் இருந்தாலோ, முன் கண்ணாடிப் பனி நீக்கி ஓடினாலோ, ஸ்டியரிங்கை ஒடித்து வைத்திருந்தாலோ, செங்குத்தான மேட்டில் நின்றாலோ நிற்காது. டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் நேரத்திலும் நிற்காது. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் அந்த வேலை பாதியில் அறுபட்டிருக்கலாம்.

பலர் கோட்டை விடும் காரணம் ஒன்று இருக்கிறது: பானெட் சுவிட்ச். பூட்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன சுவிட்ச் அது. பானெட் திறந்திருக்கும்போது இன்ஜின் தானாக ஓடி யார் விரலையும் பதம் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து அது ஒட்டிக்கொண்டால், பானெட் திறந்தே இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொண்டிருக்கும். ரிமோட் ஸ்டார்ட் உள்ள வண்டியில் அதுவும் சேர்ந்தே படுத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பூட்டைப் பத்து தடவை ஸ்க்ரூ டிரைவரால் மூடித் திறந்தால் சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு மல்டிமீட்டர். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பானெட்டைத் திறந்ததும் வண்டி விழித்துக்கொள்ளும், அப்போது அளந்தால் தப்பான எண்தான் வரும். பானெட்டைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வண்டியைப் பூட்டுங்கள். சாவியை நன்றாகத் தள்ளி, வேறு அறையில் வையுங்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு அளந்தால் வருவது உண்மையான எண். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த ஏஜிஎம் (AGM) வகை பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 அல்லது அதற்கு மேலும் காட்டும். வேலை முடிந்ததும் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள், மறந்து பானெட்டை அடித்து மூடினால் பூட்டும் வளைந்துவிடும்.

அளந்த பிறகு ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சார்ஜ் நிறைந்திருந்தும் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் காலம் முடிகிறது. சாதாரண மீட்டர் அந்த நொடியைத் தவறவிடும், மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் 'MIN' பட்டன் உள்ள மீட்டர் இருந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது 12.8 மட்டும் காட்டுகிறதே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போச்சா என்று அலறவேண்டாம். இப்போது வரும் ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே இறங்கி ஏறும். ஹெட்லைட்டையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள், 13.5-ஐத் தாண்டினால் அது நலமாகத்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் விட்டு வைக்க, பேட்டரியை 80 சதவீதம் பக்கத்திலேயே வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே ஒரு தடவை 12.5 வந்தது என்று புது பேட்டரிக்கு ஓடாதீர்கள்.

டெர்மினலில் வெள்ளைப் பொடி, பாடிக்குப் போகும் எர்த் ஒயரில் தளர்ந்த போல்ட் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிரபராதி, ஒயர்தான் குற்றவாளி.

சார்ஜர் போடும்போது நிறையப்பேர் செய்யும் தப்பு, கறுப்பு கிளாம்ப்பை நேராக நெகட்டிவ் டெர்மினலில் கடிக்க விடுவது. அப்படிச் செய்தால் உள்ளே போகும் மின்சாரம் சென்சார் வழியாகப் போவதில்லை, பேட்டரி நிறைந்த பிறகும் வண்டி அதைக் காலி என்றே கணக்கு வைத்திருக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் ஸ்டார்ட்-ஸ்டாப் வரவில்லை என்பவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள். கறுப்பு கிளாம்ப் போகவேண்டிய இடம் பாடியில் உள்ள எர்த் போல்ட் அல்லது பெயின்ட் இல்லாத உலோகம். ஜம்ப் கொடுக்கும்போதும் கடைசிக் கறுப்பு அங்கேதான். அதன்பின் வண்டியைப் பூட்டி சில மணி நேரம் தொடாமல் விட்டால் சென்சார் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

பேட்டரி மாற்றுவதென்றால் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு இஎஃப்பி (EFB, சாதாரண பேட்டரியின் உறுதியான வகை) அல்லது ஏஜிஎம், இரண்டில் கம்பெனி எதைப் போட்டதோ அதுதான். ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி வைத்தால் சீக்கிரம் சாகும். சில வண்டிகளில் புதுசு போட்டதை ஸ்கேனரில் பதிவு செய்யவும் வேண்டும், இல்லாவிட்டால் கிழவனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரியே புதுசுக்கும் ஏற்றும். மாற்றி முடித்ததும் ஜன்னல் ஒரே தொடலில் ஏறாது. முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் பழையபடி வேலை செய்யும். பவர் டெயில்கேட்டை ஒரு தடவை கையால் அழுத்தி மூடவேண்டியிருக்கும். சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி-யின் விளக்கு எரிந்தால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும்.

நல்ல பேட்டரி ஏன் தளர்கிறது என்றால், பல வண்டிகளில் பதில் டேஷ்கேம். தூங்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் குடிக்கும், அதாவது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 6 ஆம்பியர்-மணி தனியாகப் போகும். ஐந்து நாள் நிறுத்தி வைத்தால் 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைக்கிற பழக்கமும் சில வண்டிகளைத் தூங்க விடாது. இதோடு தினம் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டம் மட்டும் என்றால் எந்த பேட்டரியும் தாங்காது.

பேட்டரி மேல் பழி போடக்கூடாதவையும் உண்டு. டயர் விளக்கு ஒரு நிமிடம் போலக் கண்சிமிட்டிவிட்டு நிலைத்து எரிந்தால் சென்சார் கோளாறு, சிமிட்டாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. லேன் கேமரா முன் கண்ணாடி மாற்றிய பிறகு தகராறு செய்தால் அளவுத்திருத்தம் செய்யவில்லை என்று பொருள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பேட் மாற்றுகிறவர் சர்வீஸ் மோடில் போடாமல் காலிப்பரை அமுக்க ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், மோட்டார் போய்விடும். ஒன்றே ஒன்று, பேட்டரி முழுக்கச் செத்தால் அந்தப் பிரேக்கும் பட்டனுக்கு விடாது. இழுத்துப் போவதற்கு முன் ஜம்ப் கொடுத்து பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

வண்டி எப்படி என்று கேட்டால், ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் சத்தமில்லாமல் சுமக்கிறது, சிக்னலில் பிரேக்கைத் தானே பிடித்துக் காலுக்கு ஓய்வு தரும் ஆட்டோ ஹோல்டுக்குக் கோயிலே கட்டலாம். பேட்டரியைக் காட்டிக்கொடுக்கும் விசுவாசத்துக்கு ஸ்டார்ட்-ஸ்டாப்பைத்தான் இதில் உள்ள வசதிகளிலேயே உருப்படியானது என்று சொல்லவேண்டும். ஆனாலும் நெரிசலுக்குள் நுழையும்போது அந்த பட்டனை அமுக்கி அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவேன். அந்த உதறல் எனக்கு ஆகாது. வாரத்தில் ஒரே ஒரு நாள் அணைக்காமல் விட்டு, இன்ஜின் சூடான பிறகு வரும் சிக்னலில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வது.