மீன் பிடிக்க பிடோக் நீர்த்தேக்கமா, பிடோக் படகுத்துறையா?

டிரவுட் குளிர்ந்த ஆற்று மீன். சிங்கப்பூர் வெப்பம் அதற்கு ஆகாது. ஆனால் அதைப் பிடிக்க வீசும் ஃபிளை தூண்டிலை, அதாவது பூச்சி போலச் செய்த செயற்கை இரையை, வீசும் ஆசையை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். என் மனம் நீர்த்தேக்கத்தில்தான். அங்கே அனுமதித்த இடத்தில் மட்டும், செயற்கை இரை மட்டும். இறகும் நூலும் சுற்றிய கொக்கிக்குத் தோதான விதி. விடிகாலையில் கரையோரமாக அதை வெடுக்கென்று இழுத்து நிறுத்தினால், வாலில் கண் போன்ற கரும்புள்ளி உள்ள பீக்காக் பாஸ் மீன் பாய்ந்து கவ்வும். அந்த இழுப்பு மணிக்கட்டில் வெகுநேரம் இருக்கும். வீசுமுன் பின்னால் பாருங்கள், மெதுவோட்டக்காரர்கள் வருவார்கள்.

படகுத்துறை கடல்மேல். இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு உட்காரலாம். பிள்ளைகளோடு போக அதுதான் சரி. அப்புறம், டிசம்பர் மழையில் இடி கேட்டால் இரண்டு இடத்திலும் உடனே கிளம்பிவிடுங்கள். கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும்.