ஃபுகுஷிமா 3ஆம் உலைக்குள் நீந்திய மினி மன்போ: ஒரு மதிப்பீடு

தோஷிபா நிறுவனமும் அணு உலைக் கலைப்புக்கான ஆய்வுக் கூட்டமைப்பான ஐஆர்ஐடியும் உருவாக்கிய மினி மன்போ என்ற நீர்மூழ்கி ரோபோவை, 2011 விபத்தில் எரிபொருள் உருகிய ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் 3ஆம் உலைக்குள் 2017 ஜூலையில் அது எடுத்த, நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம் வெளியிட்ட காட்சிகளைக் கொண்டு மதிப்பிடுகிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அளவும் எடையும்தான் இதற்கு: நீளம் 30 செ.மீ., விட்டம் 13 செ.மீ., எடை 2 கிலோ. உள்ளே நுழையக் கிடைத்த குழாயின் உள்விட்டமே 14 செ.மீ. என்பதால், இதைவிடப் பெரிதாகச் செய்ய வழியில்லை.

இந்த வடிவமைப்பில் நான் பெரிதும் மதிப்பது, இடத்துக்கேற்ற இயக்கமுறையைத் தேர்ந்தெடுத்ததைத்தான். 3ஆம் உலையைச் சூழ்ந்த உறையான அடைப்புக் கலனில் சுமார் 6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தரையெங்கும் இடிபாடு கிடக்கும் இடத்தில் சக்கரமோ பட்டையோ பூட்டிய வண்டி சிக்கிக்கொள்ளும். அதே ஆண்டு பிப்ரவரியில் 2ஆம் உலைக்குள் சென்ற தேள் வடிவ ரோபோ இலக்கை எட்டுமுன்பே நின்றுபோனது. நீந்தும் கருவிக்கு அந்தத் தடை இல்லை. தண்ணீரே கதிர்வீச்சையும் ஓரளவு தடுத்துக் கொடுக்கிறது.

கேபிள்தான் இத்தகைய கருவிகளின் பெரிய பலவீனம். 2011 அக்டோபரில் 2ஆம் உலைக் கட்டடத்துக்குள் குவின்ஸ் ரோபோ கேபிள் கோளாறால் கைவிடப்பட்டதை நினைத்தால், உடைந்த கம்பிகளும் தட்டுகளும் தொங்கும் நீருக்குள் கேபிளோடு ஒரு கருவியை அனுப்ப எவ்வளவு துணிச்சலும் பயிற்சியும் வேண்டும் என்பது புரியும். அதற்கான ஒத்திகையை யோகோசுகாவில் உள்ள பெரிய நீர்த்தொட்டியில் முன்கூட்டியே நடத்தியது மிகச் சரியான முடிவு.

காட்சிகளின் தரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விளக்கொளியில் துகள்கள் மிதக்கும் கலங்கிய நீருக்கு அப்பால், எரிபொருள் இருந்த அழுத்தக் கலனின் அடியில், அணுவினையை அடக்கும் தண்டுகளை நகர்த்தும் இயக்கிகளின் அருகே, உருகி வழிந்து உறைந்த கட்டிகள் விழுதுகளாகத் தொங்குவது ஜூலை 21 அன்று பதிவானது. மறுநாள் தரையில் பாறைபோல் குவிந்திருந்தவற்றையும் காண முடிந்தது. உருகிய எரிபொருளாகக் கருதத்தக்க பொருளை 3ஆம் உலையில் மனிதர்கள் கண்டது அப்போதுதான்.

ஆனால் இதற்குக் கை கிடையாது. பார்க்க முடிந்ததே தவிர, ஒரு துணுக்கைக்கூடத் தொட்டு எடுக்க முடியவில்லை. 2ஆம் உலையிலிருந்து முதன்முதலாக உருகிய எரிபொருளின் 0.7 கிராம் மாதிரியை எடுக்க, மீன்பிடித் தூண்டில்போல் நீளும் வேறொரு கருவியும் 2024 நவம்பர் வரையிலான காத்திருப்பும் தேவைப்பட்டன. உருகிய எரிபொருளும் அதோடு கலந்த இடிபாடுமாக 1, 2, 3ஆம் உலைகளில் கிடப்பது ஏறத்தாழ 880 டன். ஆகவே, வேவு பார்க்கும் பணிக்கு மினி மன்போவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அகற்றும் பணிக்கு, இதே அளவுக்குள் ஒரு சிறு பற்றுக்கருவியையும் மாதிரிக் குப்பியையும் பொருத்திய நீந்தும் கருவியைத் தோஷிபா செய்து தர வேண்டும்.