களிமண்ணா, நீர்வர்ணமா? மது மீட்சிக் குழுவின் முதல் வகுப்புக்கு

குடியை நிறுத்திய முதல் நாட்களில் பலருக்குக் கை நடுங்கும். (குழப்பமோ வலிப்போ சேர்ந்து வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.) அந்த நேரத்தில் தூரிகை கொடுத்தால் நடுக்கம் முழுவதும் தாளில் பதிந்து, வரைந்தவரின் மனம் சோர்ந்துவிடும். களிமண்ணை இரண்டு கையாலும் அழுத்திப் பிசைவதால் நடுக்கம் தெரியாது. பிழைத்ததை உருட்டி மறுபடி தொடங்கலாம். தொடக்கத்துக்குக் களிமண்தான் எங்கள் தெரிவு.

ஆளுக்கு அரைக் கிலோ போதும். சுவர் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்க வேண்டாம். உள்ளே ஈரம் நின்றால் சூளையில் நீராவியாகி வெடித்துச் சிதறும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது: அதிலுள்ள சிப்பித் துண்டுகள் சூட்டில் சுண்ணாம்பாகி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சுட்ட பாத்திரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். கழுவிச் சலித்த ஆற்று மணல் நல்லது. வறண்ட கச்சான் (தென்மேற்குக்) காற்றில் விளிம்பு முந்திக் காய்ந்து கீறல் விழும், ஈரத்துணியால் மூடுங்கள். மார்கழி மழையில் உலர வாரக்கணக்காகும்.

நீர்வர்ணத்துக்குச் சூளை தேவையில்லை. மாலையில் ஏக்கம் எழும்போது வீட்டிலேயே உடனே எடுத்து வரையலாம். அதனால் இரண்டாம் மாதத்துக்கு இதுவே மேல். சதுர மீற்றருக்கு 300 கிராம் தாள் வாங்குங்கள், மெல்லியது நெளியும். எண்ணெய் வர்ணம் வேண்டவே வேண்டாம்: அதைக் கரைக்கும் தின்னரின் ஆவி, முகர்ந்து போதை கொண்டவருக்கு மீண்டும் பொறி.

படைப்புகளைக் கண்காட்சியில் வைத்தால், பெயர் போடுவதா என்பதை வரைந்தவரே தீர்மானிக்கட்டும்.